ஊருக்கே ஒரு ஏர் பியூரிஃபையர்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் கதை எழுதுகிறான். காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களை எதிரிகள் உடைத்துவிட, நகரமே மூச்சுத் திணறுகிறதாம். சென்னையில் அப்படி நடந்தால் என்ன ஆகும்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: உடைக்க வருகிறவன் முதலில் தேடித் தேடி அலைய வேண்டியிருக்கும். ஊருக்கென்று அப்படி ஒரு இயந்திரம் இங்கே ஏது? டெல்லியில் 2021-ல் கன்னாட் பிளேஸில் 24 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டிப் பார்த்தார்கள், கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

நிஜமான சுத்திகரிப்பு நடப்பது புகைபோக்கிக்கு முன்னால். நம் நாட்டு நிலக்கரி 100 டன் எரித்தால் 30, 40 டன் சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பங்கு மாவு மாதிரி புகையோடு கிளம்பிவிடும். அனல் மின் நிலையங்களில் ஈ.எஸ்.பி. என்று ஒன்று உண்டு. சாம்பல் துகளுக்கு மின்னேற்றி, தகட்டில் ஒட்டவைத்து, அவ்வப்போது தட்டிக் கீழே உதிர்க்கும் ஏற்பாடு. 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். அது 98 ஆனால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், வெளியே போவது இரண்டு மடங்குக்கும் மேல்! அடையாறுக்காரர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அனல் மின் நிலையங்களுக்குப் பக்கத்தில், எண்ணூரில், அத்திப்பட்டில் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குத்தான் தெரியும், அவர்களுக்கு இது கதையும் இல்லை.

மற்றபடி நம்மைக் காப்பாற்றுவது கடற்காற்று. மத்தியானம் கிளம்பினால் புகையைக் கலைத்து உள்ளே தள்ளிவிடும் (திருவள்ளூர் பக்கம் இருப்பவர்கள் மன்னிக்கவும்). அதை எவனும் உடைக்க முடியாது. ஆனால் அது தூங்கும் நேரம் ஒன்று உண்டு, பனிக்கால விடியற்காலை. 2018 போகியன்று பழைய பாயும் டயரும் எரித்த புகை பனியோடு சேர்ந்துகொள்ள, சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். எதிரியை அந்தத் தேதியில் வரச் சொல்லுங்கள், அவனுக்குப் பாதி வேலையை நாமே முடித்து வைத்திருப்போம்.

கேள்வி: அம்மாவுக்கு ஆஸ்துமா. பியூரிஃபையர் வாங்கலாமா? 2016 வர்தா புயல் மாதிரி நாள் கணக்கில் கரண்ட் போனால்?
- வாசகர், வேளச்சேரி

பதில்: வாங்கலாம், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டர் உள்ளதாக. சின்ன அறைக்கானது ஒரு சீலிங் ஃபேன் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும், இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாங்கும். அப்புறம் அது வெறும் டப்பா. புகை இருந்தால் என்-95 மாஸ்க் போட்டுவிடுங்கள், ஈரத்துணியெல்லாம் நுண்துகளை நிறுத்தாது. டாக்டர் சொன்ன இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்னொன்று, அதே அறையில் கொசுவத்தி ஏற்றாதீர்கள். எங்கள் வீட்டில் ஆறு மாதம் இரண்டும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தன.