சிறுவர்களுக்கான சரித்திர சாகச நாவலில், தாயை இழந்த மகளின் துயரத்தையும் தந்தையின் துயரத்தையும் எவ்வளவு காட்டலாம்?

யாரோ உங்களிடம் “சோகத்தைக் குறையுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் “எவ்வளவு” என்று கேட்டிருக்க மாட்டீர்கள். என்னிடமும் சொன்னார்கள். நான் குறைக்கவில்லை.

சிறுவர் சாகசக் கதைகளில் தாய் இறப்பது பெரும்பாலும் எழுத்தாளரின் வசதிக்காகத்தான். “இருட்டிவிட்டது, வீட்டுக்கு வா” என்று கூப்பிட ஆள் இருந்தால் சிறுமி எப்படி ஊர் சுற்றுவாள்? அதனால் முதல் அத்தியாயத்தில் தாயைக் கொன்றுவிடுகிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் அவளை யாரும் நினைப்பதில்லை. தந்தை புதையலைத் தேடிக் கிளம்பிவிடுகிறார். தாயை இழந்து வளர்ந்த எனக்கு இது பொறுக்காது.

நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா மருத்துவமனையில் இறந்த இரவு அவர் பணியில் இருந்தார். செய்தி போய்ச் சேர்ந்து அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுடுகாட்டுக்கு என்னை அழைத்துப் போகவில்லை, பெண் பிள்ளை என்று பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியம்மா அம்மாவின் புடவைகளை மூட்டை கட்டினார். குழந்தை முன்னால் அவள் பேச்சை எடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார். அப்பா அதை அப்படியே கடைப்பிடித்தார். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அவர் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவருக்கு அழைத்துப் போனார். எம்டன் குண்டு வீசியதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே பதிக்கப்பட்டிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்துக்குள் 100-க்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டுப் போனது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அடுத்த சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று, “கல்யாணமான புதிதில் உன் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இங்கே அழைத்து வந்து காட்டினேன்” என்றார்.

“நம்பினார்களா?”

“இந்தக் கல்லை நீங்களே கொண்டுவந்து பதித்திருப்பீர்கள் என்றாள்.”

சொல்லிவிட்டு அந்தச் சுவரோரமே நின்று அழுதார். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கறுப்பு அங்கிக்காரர்கள் யாரும் இல்லை. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

என் நாவல் அங்கேதான் பிறந்தது. உயர் நீதிமன்றத்தின் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. என் கதையில் தந்தை அந்த விளக்கைக் கவனிப்பவர். தாய் இறந்த இரவும் அவர் மேலேதான் இருந்தார். மகள் அதை மன்னிக்கவில்லை. எம்டன் வந்த இரவு, ஊர் எதிர்த்திசையில் ஓடும்போது, அவள் ஜார்ஜ் டவுனிலிருந்து தனியாகக் கிளம்பிக் கோபுரப் படிகளில் ஏறுகிறாள். சாகசம் முழுவதும் அந்த ஏற்றத்தில் இருக்கிறது. அவளை மேலே இழுத்துக்கொண்டு போவது வீரம் அல்ல, அப்பாவும் போய்விடுவாரோ என்ற பயம்.

ஒரு பதிப்பகத்தில் கதையைப் படித்துவிட்டு, எட்டு வயதுக் குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்றார்கள். அப்பாவிடம் கோபப்படும் பெண் வேண்டாமாம். குழந்தைகளை அழவைப்பதுதான் இலக்கியமா என்று இங்கேயும் சிலர் கேட்பீர்கள். அழவைக்கச் சொல்லவில்லை. ஆனால் தெருவில் பூவை இறைத்து, பறையடித்துப் போகும் இறுதி ஊர்வலத்தை மாடியிலிருந்து பார்க்காத சென்னைக் குழந்தை உண்டா? அது யார், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டால் உள்ளே போ என்கிறோம். புத்தகமும் அதையே சொன்னால் அந்தக் குழந்தை வேறு யாரிடம் போய்க் கேட்கும்?

புத்தகம் என்றதும் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதி நூலகத்தில் சிறுவர் பிரிவு என்று பலகை தொங்குகிறது. அதன் கீழே அலமாரி நிறையப் போட்டித் தேர்வுக் கையேடுகள். கதைப் புத்தகங்கள் பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். சாவியைக் கேட்டால் கிழித்துவிடுவார்கள் என்று பதில் வருகிறது. கிழியட்டுமே! படித்துக் கிழிந்த புத்தகத்துக்கு நூலகம் பெருமைப்பட வேண்டாமா? தேர்வுக்குப் படிப்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை, அவர்களுக்கும் இடம் வேண்டும். குழந்தைகளின் இடத்தை எடுத்துக் கொடுப்பதுதான் ஆத்திரமூட்டுகிறது.

உங்கள் நாவலுக்கு வருகிறேன். அந்தக் காலத்து எளிய வீடுகளில் புகைப்படம் கிடையாது. அம்மாவின் முகம் மறந்துவிடுமோ என்று உங்கள் சிறுமி பயப்படலாம். பசிக்கும்போது, தூக்கம் வரும்போது, யாரோ ஒரு பெண் கதவைத் திறக்கும்போது அந்த நினைவு வரட்டும். துரத்தல் நடக்கும் பக்கங்களில் தேவையில்லை. ஊரை விட்டு ஓடும் காட்சி இருந்தால், மகள் எதை மூட்டையில் எடுத்து வைக்கிறாள், அதைத் தந்தை பார்த்துவிட்டு என்ன செய்கிறார் என்று எழுதிப் பாருங்கள். தந்தையை மௌனமாகவே விட்டுவிடாதீர்கள். ஓரிடத்திலாவது அவர் மனைவியைப் பற்றிப் பேச வேண்டும், அதுவும் மகளுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றை. வெட்டச் சொன்னால் வேறு பதிப்பகத்தைப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன், புத்தகம் வந்துவிட்டது.