டிடிஜி மெஷினுக்குக் கடன் எடுக்க முதல்

தம்பி, கிளிநொச்சியில மாசம் 50 ரீசேர்ட் ஓடர் வருது, பாதிக்கு மேல விளையாட்டுக் கழக ஜேர்சி, கடனெடுத்து துணியில நேரா மை அடிக்கிற டிடிஜி மெஷின் வாங்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். இப்ப வேண்டாம்.

ஜேர்சி பொலியெஸ்டர். டிடிஜி மை பருத்தியிலதான் நல்லாப் பிடிக்கும். அதிலயே உங்கட பாதி ஓடர் போயிட்டுது.

மிச்சத்துக்குப் பிரச்சினை வெள்ளை மை. அதில இருக்கிற டைட்டானியம் டயொக்சைட் பாரமான தூள், மண்டி மாதிரி அடியில படியும். மெஷின் நாலஞ்சு நாள் சும்மா நிண்டால் மை தெளிக்கிற ஹெட் அடைக்கும். அடைப்பெடுக்க ஓடவிடுற ஒவ்வொரு கிளீனிங்கும் உங்கட மையைத்தான் குடிக்கும். சோளகப் புழுதிக்கு மூடின அறை வேணும். ஏசி போட்டு ஈரப்பதம் 40 வீதத்துக்குக் கீழ இறங்கினால் மை முனையிலேயே காயும். கரண்ட் போறதுக்கு யூபிஎஸ்ஸும் வேணும்.

கறுப்புச் சேட்டெண்டால் வெள்ளை மை மேல நிக்கிறதுக்கு முதல் ஒரு மருந்தடிக்க வேணும். மருந்து குறைஞ்சால் வெள்ளை மை நூலுக்குள்ள இறங்கிச் சாம்பலாத் தெரியும். கூடினால் படத்தைச் சுற்றிச் சதுரமாக் கறை நிக்கும்.

முதல் சூடாக்கி அழுத்துற ஹீட் பிரஸ் ஒண்டு வாங்குங்கோ. படத்தைத் துணிக்கு மாத்துற டிடிஎப் பிலிமை வெளியில அடிச்சு எடுப்பிச்சு, பருத்திக்கு 150 பாகையில 15 செக்கன் அழுத்துங்கோ. பொலியெஸ்டருக்குச் சூட்டைக் குறையுங்கோ, இல்லாட்டித் துணிச்சாயம் வெள்ளைக்குள்ள ஏறும். ஒரே படம், ஒரே நிறம், 30 சேட்டுக்கு மேல எண்டால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் லாபம்.

ஒவ்வொரு நாளும் பத்துப் பருத்திச் சேட்டாவது, வேற வேற படத்தோட, ஆறு மாசம் விடாமல் வந்தால் டிடிஜியை யோசியுங்கோ. அப்பவும் உங்கட கறுப்புச் சேட்டையே குடுத்து அடிப்பிச்சு, ஐஞ்சுதரம் தோய்ச்சுப் பாத்திட்டுக் காசைக் கட்டுங்கோ.