'மேட்ரஸ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'மெத்தை'யிலிருந்து போனதா?

இல்லை. ஒலி ஒத்துப்போவதால் பலரும் அப்படி நினைக்கிறார்கள். நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

என் அப்பா இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர். உறைக்குள் பஞ்சைத் திணித்து வாயைத் தைத்ததும், முழ நீள ஊசியை மேலிருந்து கீழே குத்தி இழுத்து, சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போவார். கையை வைத்தால் மெத்தென்று அமுங்கும். அந்த மெத்தென்ற தன்மைதான் 'மெத்தை'.

'மேட்ரஸ்' அரபியில் பிறந்தது. 'தரஹ' என்றால் எறிதல். 'மத்ரஹ்' என்றால் ஒன்றை எறிந்து போடும் இடம். விரிப்பையும் திண்டையும் தரையில் போட்டுப் படுத்தவர்களின் சொல். இத்தாலி, பிரான்ஸ் வழியாக 1300 வாக்கில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. நம் சொல்லில் இருப்பது தொடுகை, அவர்கள் சொல்லில் இருப்பது கைவீச்சு. இரண்டுக்கும் உறவே இல்லை.

ஆனால் மெத்தைக்குக் கீழே பாருங்கள். ஆங்கிலத்தில் சிறு கட்டிலைக் குறிக்கும் 'காட்', 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் இந்தியின் 'காட்'டிலிருந்து எடுத்துக்கொண்டது. அதற்கு மூலம் சமஸ்கிருத 'கட்வா'. அந்தக் கட்வாவே திராவிட மொழிகளிலிருந்து போனது, நம் 'கட்டி'லுக்கு உறவு என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கட்டில் நம்மிடம் அவ்வளவு பழைய சொல்: புறநானூற்றின் 50ஆம் பாட்டில் புலவர் மோசிகீரனார் அறியாமல், அரச முரசை வைக்கும் முரசுகட்டிலில் ஏறித் தூங்கிவிடுகிறார், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அந்தத் தவற்றுக்காக அவரை வாளால் வெட்டாமல், பக்கத்தில் நின்று விசிறிவிடுகிறான். அந்தக் கட்டிலில் பரப்பியிருந்த பூ, எண்ணெய் நுரையை மொண்டு ஊற்றியது போல இருந்ததாம். மெத்தை தைப்பவர் வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த உவமை மறக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'பிளாங்கெட்' பிரெஞ்சு மொழியில் வெள்ளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முதலில் அது வெள்ளைக் கம்பளித் துணி. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வையான 'குவில்ட்', லத்தீனில் மெத்தைக்கான பெயரிலிருந்து வந்தது. 'காலிகோ' துணி, கோழிக்கோட்டின் பெயரைச் சுமந்துகொண்டு கப்பலேறியது.

தென்னை நார் மெத்தையைக் கடையில் 'காயர் மேட்ரஸ்' என்பார்கள். 'காயர்' மலையாளத்தின் 'கயர்'. நம் கயிறுக்கு உடன்பிறப்பு. அதாவது அந்தப் பெயரில் முன்பாதி கேரளக் கரையிலிருந்து போனது, பின்பாதி அரபு நாட்டிலிருந்து போனது.