ராக் பாட்டு எழுதியவர்களில் பெரியவர் யார்? கேள்வி பதில்

போன தீபாவளிக்கு இங்கே சிங்கப்பூரில், ஒரு விருந்தில் நண்பர்களுக்குள் ஆரம்பித்த விவாதம் இது. ராக் இசையில் ஆகச் சிறந்த பாடலாசிரியர் யார்? முறுக்குத் தட்டு காலியான பிறகும் பேச்சு ஓயவில்லை. அன்று இருந்தவர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் எனக்கு அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தெம்பனிஸ், தொடக்கக் கல்லூரி மாணவர்: அண்ணே, சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

சக் பெர்ரி.

பாப் டிலன் என்று சொல்வேன் என நினைத்திருப்பீர்கள், தம்பி. எனக்கு டிலன் இரண்டாவதுதான். அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் கிட்டார் கலைஞருமான பெர்ரி 1950களின் நடுவில் வந்தபோது ராக் அண்ட் ரோலில் சொல்லுக்குப் பெரிய வேலை இல்லை. தாளத்தோடு ஒட்டி ஏதாவது வாயில் வந்தால் போதும். அதற்குள் பள்ளிக்கூட மணியையும் கார் இன்ஜினையும் பில் கட்ட முடியாத எரிச்சலையும் கொண்டுவந்தவர் அவர்.

1964இல் வந்த 'பிராமிஸ்டு லேண்ட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பஸ் ஏறும் ஓர் ஏழைப் பையன் கலிஃபோர்னியா போய்ச் சேருகிற கதை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் பஸ் பழுதாகிறது. அங்கிருந்து ரயில், ஹியூஸ்டனுக்குப் பிறகு விமானம், லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கியதும் ஊருக்கு ஒரு போன். மூன்று நிமிடத்துக்குள் ஒரு நாட்டையே கடந்துவிடுகிறான். பெர்ரி இதைச் சிறையில் இருந்தபோது எழுதினார். வழியில் வரும் ஊர்கள் சரியாக இருக்க வேண்டும் என்று நிலவரைபடம் கேட்டு வாங்கி எழுதினார்.

அதே அலபாமாவில்தான் 1961இல், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து பயணம் செய்தார்கள் என்பதற்காக ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள், பர்மிங்ஹாமில் பயணிகளை அடித்தார்கள். பெர்ரி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பஸ் நின்றுபோகிறது, பையன் உடனே ரயிலைப் பிடிக்கிறான், அவ்வளவுதான். சங்கதி தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும். தெரியாதவர்கள் ஆடிக்கொண்டே இருக்கலாம். இரண்டு பேரையும் ஒரே வரியில் வைத்திருக்கிறாரே, அதனால்தான் அவருக்கு முதலிடம் தருகிறேன்.

பென் நியூ இங்கிலாந்து என்ற எழுத்தாளர் அமைப்பு 2012இல் பாடல் வரிகளுக்காக முதன்முறை ஓர் இலக்கிய விருது கொடுத்தது. வாங்கியவர்கள் இரண்டு பேர்: பெர்ரி, கனடாவின் கவிஞரும் பாடகருமான லெனர்ட் கோஹன். நாங்கள் எல்லாரும் பெர்ரியின் சொற்களுக்கு அடிக்குறிப்புகள்தான் என்று கோஹனே அன்று சொன்னார்.

புக்கிட் பாத்தோக், தமிழாசிரியை: டிலனுக்கு 2016இல் இலக்கிய நோபெல் கொடுத்தாயிற்று, இனி விவாதமே தேவையில்லை என்கிறார் என் கணவர்.

நோபெல் குழு சொன்ன காரணத்தை அவரிடம் ஒருமுறை காட்டுங்கள் அம்மா. அமெரிக்கப் பாடல் மரபுக்குள் புதிய கவிதை வெளிப்பாடுகளை உருவாக்கியதற்காக என்று இருக்கும். 'பாடல் மரபுக்குள்' என்ற சொல்லை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம். வரிகளைத் தாளில் அச்சடித்து, இது கவிதையா இல்லையா என்று பார்ப்பது, சமையல் குறிப்பைச் சுவைத்துப் பார்ப்பது மாதிரி.

2018 ஆகஸ்டில் ஸ்டார் தியேட்டரில் டிலன் பாடியபோது நான் போயிருந்தேன். எனக்கு மனப்பாடமான ஒரு பாட்டை அடையாளம் கண்டுகொள்ளவே ஒரு சரணம் ஆனது. சொல் அதேதான். மெட்டு வேறு, மூச்சு விடுகிற இடம் வேறு. இளமையில் கோபமாக இருந்த பாட்டு, அன்று களைத்துப் போய் யோசிக்கிற பாட்டாக ஆகியிருந்தது. அந்த இரவுக்குப் பிறகுதான் அவர் எழுத்து எப்படிப்பட்டது என்று எனக்கு விளங்கியது. எத்தனை விதமாகப் பாடினாலும் உடையாத வரிகளை எழுதியிருக்கிறார்.

கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 1965இல் வந்த 'சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்' பாட்டுக்கு, பெர்ரி 1956இல் பாடிய 'டூ மச் மங்கி பிசினஸ்' தனக்கு வழிகாட்டியது என்று டிலனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஈசூன், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்: கண்ணதாசன் மாதிரி பாடாமல், எழுத மட்டும் செய்தவர்கள் ராக்கில் உண்டா தம்பி?

நல்ல கேள்வி ஐயா. தமிழர்களான நாம்தான் இதைக் கேட்போம். அங்கே எழுதியவரே பாடினால்தான் மதிப்பு என்று ஒரு நினைப்பு உண்டு. அதனால் சில பெரிய ஆட்கள் ஓரத்தில் நிற்கிறார்கள்.

பெர்னி டாப்பின். 1967இல் ஓர் இசை இதழில் வந்த விளம்பரத்துக்கு இவரும் எழுதிப் போட்டார், எல்டன் ஜானும் எழுதிப் போட்டார். ஒருவருக்கு மெட்டு வராது, இன்னொருவருக்கு வரி வராது. டாப்பின் முழுப்பாட்டையும் எழுதிக் கொடுத்துவிடுவார். எல்டன் அதைப் பியானோவின் மேல் வைத்துக்கொண்டு தனியாக மெட்டுப் போடுவார். நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், சொல் அதற்குள் போய் உட்காரும். இங்கே தலைகீழ். அதனால்தான் எல்டனின் மெட்டுகளில் அடிகள் ஒரே அளவாக இல்லாமல் நீண்டும் குறுகியும் போகின்றன. சொல்லின் நடைக்கு மெட்டு இடம் விடுகிறது.

அப்புறம் ராபர்ட் ஹன்டர். கிரேட்ஃபுல் டெட் குழுவுக்காக எழுதியவர். அந்தக் குழுவை 1994இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது, குழுவோடு மேடையில் வாசிக்காத இவரையும் உறுப்பினராகவே சேர்த்தார்கள். ரஷ் குழுவில் நிலைமை இன்னும் வேறு. வரிகளை எழுதியவர் டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட், பாடியவர் கெடி லீ. 1974இல் பியர்ட் சேர்ந்தபோது, இவர்தான் நிறையப் படிக்கிறார் என்று எழுதும் வேலையை இவர் தலையில் கட்டினார்கள்.

கண்ணதாசனோடு ஒப்பிட்டால் என் மனசுக்கு ஹன்டர்தான் பக்கத்தில் வருகிறார். இரண்டு பேரும் நாட்டுப்புறப் பாட்டின் எளிய சொல்லை எடுத்து, அதில் சாவையும் விதியையும் பேசியவர்கள்.

பொங்கோல், தாதி: பட்டியல் போடும்போது எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே அண்ணே?

உங்கள் கோபம் நியாயம். ஜோனி மிட்சல் முதல் மூன்று பெயர்களுக்குள் இல்லாத பட்டியலை நான் மதிப்பதில்லை.

கனடாவில் பிறந்தவர். ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கையின் பலம் குறைந்தது. வழக்கமான விரல் பிடிப்புகள் கஷ்டம் என்பதால் கிட்டார் தந்திகளைத் தனக்குத் தோதாக விதவிதமாகச் சுருதி மாற்றிக் கட்டிக்கொண்டார். அந்தச் சுருதிகளில் எழுந்த இசை வழக்கமான பாட்டு போகிற வழியில் போகவில்லை, சொல்லும் போகவில்லை. 1971இல் வந்த 'புளூ' தொகுப்பைக் கேளுங்கள். தன் தப்பையும் ஆசையையும் எதிரே உட்கார்ந்து பேசுவது போலச் சொல்வார்.

இன்னொரு பாட்டு, 'போத் சைட்ஸ் நவ்'. மேகம், காதல், வாழ்க்கை மூன்றையும் இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று, இருந்தும் தெரியவில்லை என்று பாடுவது. அதை எழுதியபோது அவருக்கு 23 வயது. 2000இல் பெரிய இசைக்குழுவோடு மறுபடியும் பாடினார். 2015இல் மூளையில் இரத்தநாளம் பாதிக்கப்பட்டு, பேசவும் நடக்கவும் திரும்பக் கற்றுக்கொண்டவர், 2024 கிராமி மேடையில் 80 வயதில் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பாடினார். மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். இளம்பெண் ஊகித்து எழுதியதைக் கிழவி உறுதிசெய்கிறாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற உங்களுக்கு அந்தக் கடைசிப் பாட்டு என்னைவிட நன்றாகப் புரியும்.

அமெரிக்க ராக் பாடகி பட்டி ஸ்மித்தையும் மறக்கக் கூடாது. டிலன் நோபெல் வாங்கப் போகாதபோது ஸ்டாக்ஹோமில் அவருடைய பாட்டைப் பாடி, நடுவில் தடுமாறி, பதற்றமாக இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தவர் அவர்தான்.

ஜூரோங்: 'தி டோர்ஸ்' குழுவின் பாடகர் ஜிம் மாரிசன்?

நல்ல குரல், நல்ல மேடை. வரிகளில் பாதி, குரலை எடுத்துவிட்டால் நிற்காது. குரலோடு சேர்த்துத்தானே கேட்கச் சொன்னீர்கள் என்பீர்கள். சரிதான், ஆனால் பெர்ரியின் வரி இன்னொருவர் குரலிலும் நிற்கிறது.

உட்லண்ட்ஸ், தேசிய சேவையாளர்: புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'போர்ன் இன் தி யூ.எஸ்.ஏ.' நாட்டுப்பற்றுப் பாட்டு இல்லையாமே?

வியட்நாமிலிருந்து திரும்பி வந்து வேலை கிடைக்காமல் அலைகிற ஒரு சிப்பாயின் புலம்பல் அது. பல்லவியில் முஷ்டியை உயர்த்த வைக்கும், சரணத்தில் கதறும். 1984 தேர்தல் நேரத்தில் அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருக்கிறது என்று கூட்டத்தில் புகழ்ந்தார். ஸ்பிரிங்ஸ்டீன் முதலில் இதை வெறும் கிட்டாரோடு பதிவு செய்திருந்தார். அதைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. இசை மாறியதும் கேட்பவர் காதில் சொல் மாறிப்போனது. இதை ஸ்பிரிங்ஸ்டீனின் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வெற்றி முழக்கத்துக்கு நடுவில்தான் அந்தச் சிப்பாயின் குரல் யாருக்கும் கேட்காமல் போகிறது, பாட்டு சொல்வதே அதைத்தான்.

தோ பாயோ, கணக்காளர்: மெட்டல் என்கிற இரைச்சலான ராக் வகையில், உறுமுகிற பாட்டில் ஒரு சொல்லும் புரியவில்லை. அதில் வரி எதற்கு?

நம் தேசிய தினப் பாட்டான 'முன்னேறு வாலிபா'வைப் பள்ளியில் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் எவ்வளவு உற்சாகமாகப் பாடுகிறார்கள்! ஜேசுதாசன் எழுதிய அந்தத் தமிழில் எத்தனை சொல் அவர்களுக்குப் புரியும்? இருந்தாலும் 'முன்னேறு' என்று கத்தும்போது அந்த இரட்டை 'ன'கரம் செய்கிற வேலையை அவர்களும் உணர்கிறார்கள்.

நம் ஊர் ருத்ரா குழுவைக் கேட்டதுண்டா? 1992இல் தொடங்கியது. உபநிடதச் சிந்தனையையும் சமஸ்கிருத சுலோகங்களையும் உறுமல் குரலில் பாடி, வேத மெட்டல் என்று ஒரு வகைக்கே பெயர் வாங்கித் தந்தவர்கள். முதலில் வரிகளைப் படித்துவிட்டு, பிறகு கேளுங்கள். மந்திரத்தையும் நாம் பொருள் தெரிந்து கேட்பது குறைவுதானே. உங்கள் காது இரண்டாம் முறை தானாகச் சொல்லைப் பிரித்துவிடும்.

செங்காங், கிட்டார் வாசிப்பவர்: நண்பர்களோடு தமிழில் ராக் பாட்டு எழுதுகிறோம் அண்ணே. தமிழ் அந்தத் தாளத்தில் உட்கார மாட்டேன் என்கிறது.

உட்காரும் தம்பி. நீங்கள் ஆங்கிலப் பாட்டின் சாயலில் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ராக் தாளத்தில் இரண்டாம், நான்காம் அடியில் டிரம்ஸ் ஓங்கி விழும். ஆங்கிலம் அந்த இடத்தில் ஓர் அசையை அழுத்தும். தமிழுக்கு அழுத்தத்தைவிடக் குறில் நெடிலும் ஒற்றும்தான் பலம். 'க்க', 'ட்ட', 'த்த' வருகிற சொல்லை அந்த அடியில் வைத்துப் பாருங்கள். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று ஆறு அசை இழுக்காதீர்கள், 'போறேன்' போதும். வினையைக் கடைசியில்தான் வைக்க வேண்டும் என்றும் இல்லை. முன்னால் போட்டால் வரி பாயும்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடந்திருக்கிறீர்களா? அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து ஒன்றைப் பாடிக்கொண்டு நடந்தால் கால் தானாக அந்த நடைக்கு வந்துவிடும். பெர்ரி கிட்டாரில் செய்ததை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காலடியில் செய்திருக்கிறார். நாலு சிந்துகளை மனப்பாடம் செய்துவிட்டு எழுத உட்காருங்கள்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது, அதற்குள் ஒரு பாட்டு முடிந்தால் சந்தோஷம். முதல் சரணம் தயாரானதும் எனக்கு வரிகளைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டாம், கைப்பேசியில் பாடிப் பதிந்து அனுப்புங்கள்.