இருபது முகப் பகடையும் கிடைக்காத பற்றுச்சீட்டும்

சென்ற மாதம் டஞ்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாட்டுப் பெட்டி பற்றிய கேள்வி ஒன்றுக்கு இப்பகுதியில் சுருக்கமாகப் பதில் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் இத்தனை மந்திரவாதிகள் குடியிருக்கிறார்கள் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. வந்து குவிந்த கடிதங்களுக்காக, பொருள் வாங்குவோருக்குப் பதில் சொல்லும் இப்பகுதியில் வழக்கமாக வரும் தண்ணீர் மோட்டரும் கைபேசி மின்கலமும் இம்முறை ஒதுங்கி நிற்கின்றன. விளையாட்டை அறியாதவர்களுக்கு: மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரக்காரி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். பாத்திரம் எடுக்கும் முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

கேள்வி: விளையாடத் தொடங்குவதற்கு எந்தப் புத்தகம் வாங்க வேண்டும்? முகநூலில் ஒருவர் 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் மூன்று புத்தகங்களையும் சேர்த்து 40,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறார். (பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், தம்பி. இந்த விளையாட்டின் அடிப்படை விதிகளை அதன் வெளியீட்டாளரே 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார். திருத்திய பதிப்புக்கான விதிகளும் 2025இல் அதே உரிமத்தில் வந்துவிட்டன. தரவிறக்கிப் படிக்க ஒரு சதமும் செலவில்லை. பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டின் விதிகளும் வெளியீட்டாளரின் சம்மதத்துடன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றை வைத்து நண்பர்களுடன் சில மாலைகள் விளையாடிப் பாருங்கள். மூன்றாவது மாலைக்கும் எல்லோரும் வந்தால் புத்தகத்தைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் மூன்றையும் சேர்த்து வாங்காதீர்கள். விளையாடுபவருக்கு வேண்டியது விளையாடுபவருக்கான கைநூல் ஒன்றுதான். மற்ற இரண்டும் கதை நடத்துபவருக்கு உரியவை. எந்தப் பதிப்பு என்பதை உங்கள் குழுவில் கதை நடத்தப்போகிறவரிடம் கேளுங்கள். 2024இல் கைநூலின் திருத்திய பதிப்பு வந்துவிட்டதால் பழையதைத் தள்ளிவிட நினைப்பவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் விலை பேச உங்களுக்கு இடமுண்டு. பேசி முடித்தாலும் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 2014ஆம் ஆண்டுக் கைநூலில் 320 பக்கங்கள். பக்கம் குறைந்தால், படங்களின் கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தால், நடுவில் விரித்ததும் முதுகு வெடித்தால், அது யாரோ நிழற்பிரதி எடுத்துக் கட்டியது.

கேள்வி: ஏழு பகடைகள் கொண்ட தொகுதி வாங்கினேன். பத்து முகப் பகடை இரண்டு வந்திருக்கிறது. அதில் ஒன்றில் 00, 10, 20 என்று பிழையாக அச்சிட்டிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (நல்லூர்)

கேட்க முடியாது. அது பிழையில்லை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் ஒன்று பத்துகளைத் தரும், மற்றது ஒன்றுகளைத் தரும். நூறு வரை எண் கிடைப்பது அப்படித்தான். கடைக்காரரைத் திட்டி எழுதியதை முதலில் அழித்துவிடுங்கள்.

கேள்வி: என் இருபது முகப் பகடையில் 20க்குப் பக்கத்திலேயே 19, அதற்கடுத்து 18. என் தம்பி உருட்டினால் எப்போதும் பெரிய எண்தான் விழுகிறது. பகடையில் கோளாறா? (மானிப்பாய்)

கோளாறு விற்றவரிடம். அது மெஜிக் த கேதரிங் என்ற அட்டை விளையாட்டில் உயிர்ப் புள்ளிகளை எண்ணுவதற்கு உள்ள பகடை. அந்த விளையாட்டில் வழக்கமாக ஒவ்வொருவரும் 20 புள்ளியில் தொடங்குவதால், ஒவ்வொன்றாகக் குறைத்து வைக்க வசதியாக எண்களை வரிசையாகப் பொறித்திருப்பார்கள். உருட்டுவதற்கான பகடையில் எண்கள் சிதறிக் கிடக்கும். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும். வாங்கும்போது இந்தக் கூட்டலைச் செய்து பார்த்தால் போதும்.

எடை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பகடை மிதக்கும் வரை ஆனையிறவு உப்பைக் கரையுங்கள். மிதப்பதை விரலால் தட்டிச் சுழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே எண் மேலே வந்தால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது. உலோகப் பகடை எவ்வளவு உப்புப் போட்டாலும் மிதக்காது, உப்புத்தான் வீண். தம்பியின் கையையும் கொஞ்சம் கவனியுங்கள்.

கேள்வி: 12 வயது மகனுக்கு முப்பரிமாண அச்சில் செய்த ட்ராகன் பொம்மை ஒன்றை இணையத்தில் வாங்கிக் கொடுத்தேன். தொட்டால் ஒட்டுகிறது, நெடி அடிக்கிறது. ஒரு கிழமையின் பின் வயிற்றுப் பக்கம் வெடித்துப் பிசின் போல ஏதோ வடிகிறது. பிள்ளையின் விரல்களில் சிவப்புப் புள்ளிகள். விற்றவர் "சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ அக்கா" என்கிறார். (ஒரு தாய், சாவகச்சேரி)

அம்மா, பொம்மையைக் கழுவ வேண்டாம். முதலில் அதைப் பிள்ளையிடமிருந்து வாங்கி, கையுறை போட்டு ஒரு பையில் கட்டி எட்டாத இடத்தில் வையுங்கள். மகனின் கைகளைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, புள்ளிகள் மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். இன்ன பொருள் பட்டது என்றும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி விற்றவரிடம் வருகிறேன். இப்படிப்பட்ட கடிதம் எனக்கு வருவது இது முதல் தடவையில்லை, ஆகவே சற்று நீட்டிச் சொல்கிறேன். இந்தப் பொம்மைகள் ரெசின் என்ற திரவத்தைப் புற ஊதா ஒளியால் படலம் படலமாக இறுக்கிச் செய்யப்படுபவை. அச்சிலிருந்து எடுத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. மேலே ஒட்டியிருக்கும் இறுகாத ரெசினை ஐசோபுரப்பைல் அற்ககோலில் கழுவ வேண்டும். உலர்ந்த பின் மறுபடியும் புற ஊதா ஒளியில் வைத்து முழுதாக இறுக்க வேண்டும். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். திரும்பத் திரும்பப் பட்டால் பிறகு ஒரு துளி பட்டாலும் உடம்பு கிளர்ந்துவிடும். செலவைக் குறைக்கப் பெரிய உருவங்களை உள்ளே பொள்ளலாக அச்சிடுகிறார்கள். அடியில் வடிதுளை விடாவிட்டால் திரவ ரெசின் உள்ளேயே தங்கி, நாள் போக வயிற்றை வெடித்துக்கொண்டு வெளியே வரும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அச்சு இயந்திரம் வாங்கப் பணமிருந்தவருக்கு ஒரு போத்தல் அற்ககோல் வாங்க மனமில்லை, பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருள் என்ற எண்ணமும் இல்லை. இதற்கு மேல் சவர்க்கார வைத்தியம் வேறு!

உங்களிடம் பற்றுச்சீட்டு இல்லை என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். வாசகர்கள் எல்லோரும் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆக வேண்டும். கேட்பது வெட்கமில்லை. "தெரிந்த ஆள்தானே" என்று கேட்காமல் விட்டவர்களின் கடிதங்களால்தான் என் மேசை நிறைந்திருக்கிறது. அம்மா, உங்களிடம் வங்கி மாற்றல் விவரமும் அவருடன் எழுதிக்கொண்ட செய்திகளும் இருக்கின்றன. அவற்றை அச்சிட்டு, பொம்மையின் படத்தையும் சேர்த்து, அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். முதல் ஆலோசனைக்கு 1977ஐ அழைக்கலாம். அவர் பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: முத்திரை பிரிக்காத மெஜிக் அட்டைப் பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தது. 45,000 ரூபா வங்கியில் போட்டேன். வந்த அட்டைகள் மங்கலாக இருக்கின்றன. ஆளின் தொலைபேசி வேலை செய்யவில்லை. போலியா என்று எப்படி அறிவது? (சுன்னாகம்)

தொலைபேசி வேலை செய்யவில்லை என்பதே விடை. இருந்தாலும் பாருங்கள். அட்டையின் பின்புறம் ஐந்து நிறப் புள்ளிகள் இருக்கும். அதில் பச்சைப் புள்ளியை நகை பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், உண்மையான அட்டையில் நான்கு சிறு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில எழுத்து எல் வடிவில் தெரியும். போலியில் அது குழம்பிக் கிடக்கும் அல்லது இருக்கவே இருக்காது. கண்ணாடிக்குக் கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர் யாரையாவது கேளுங்கள்.

முகம் தெரியாத ஒருவருக்கு, பெட்டியின் படத்தைக்கூடக் கேட்காமல், 45,000 ரூபா. பாதி விலை என்றதும் உங்களுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லையா? வங்கிக்கும் பொலிசுக்கும் இன்றே போங்கள். நாளை என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: உலோகப் பகடைத் தொகுதி 12,000 ரூபா. வாங்கலாமா? (கோண்டாவில்)

வேண்டாம். நான் வாங்கினேன். முதல் மாலையே அப்பாவின் முதிரை மேசையில் குழி விழுந்தது. எண்களுக்குப் பூசியிருந்த பொன்னிறம் உதிர்ந்து, இப்போது எட்டையும் மூன்றையும் பிரித்தறிய ரோச் லைற் வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதங்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் அதுதான் மேலே இருக்கிறது.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மாமா புத்தகங்களும் மேசையில் பாத்திரங்களுக்காக வைக்கும் சிறு உருவங்களும் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். அன்பளிப்பு என்று எழுதினால் வரி வராதுதானே? (உடுவில்)

அன்பளிப்பு என்ற சொல்லுக்குச் சுங்கத்தில் மந்திர சக்தி கிடையாது. அவர்கள் பெறுமதியைத்தான் பார்ப்பார்கள். பெறுமதி சேர் வரியே 18 சதவீதம். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், பொதி தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் இழப்பீட்டுக்குக் கணக்கு. உண்மையான பற்றுச்சீட்டை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் பயணப்பெட்டியில் கொண்டு வரட்டும், சொக்கலேற்றைக் கொஞ்சம் குறைத்தால் இடம் வரும்.

கேள்வி: சிறு உருவங்களுக்கு அடிப்பூச்சு விசிறும் ஸ்ப்ரே வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாமா? இங்கே வாங்கியதை அடித்தால் மேற்பரப்பு மணல் போல் சொரசொரக்கிறது. (பருத்தித்துறை)

அழுத்தம் ஏற்றிய ஸ்ப்ரே தகரங்களைத் தபாலில் அனுப்ப முடியாது, அனுப்புகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சொரசொரப்புக்குக் காரணம் பெரும்பாலும் தகரமில்லை, காலநிலை. மார்கழி மழை ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு ஒழுங்காகப் படியாது. உச்சி வெயில் அனலிலும் பூச்சு உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து தூளாகிவிடும். தூரிகையால் பூசும் அக்ரிலிக் அடிப்பூச்சு வாங்குங்கள். விலை குறைவு, மழையானாலும் வேலை நடக்கும். நிறங்களுக்குப் பாடசாலைக் கடையில் விற்கும் அக்ரிலிக் போதும். தண்ணீர் கலந்து இரண்டு மெல்லிய பூச்சு, தடித்த ஒன்று வேண்டாம். விலையுயர்ந்த தூரிகை வாங்கி அடிப்பூச்சில் முக்கிப் பாழாக்கிய அனுபவத்தில் சொல்கிறேன், இதற்கு மலிவான தூரிகையே சரி.

கேள்வி: மகன் நண்பர்களுடன் இரவு பத்து மணி வரை பகடை உருட்டுகிறான். இது சூதாட்டம்தானே? இதற்கான சாமான்களை வாங்கிக் கொடுப்பதை நிறுத்திவிடலாமா? (ஓய்வுபெற்ற அதிபர், வட்டுக்கோட்டை)

மேசையில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள், ஐயா. இல்லையென்றால் சூதாட்டமில்லை. 1974இல் இந்த விளையாட்டு அமெரிக்காவில் வெளியானது. அங்கேயும் எண்பதுகளில் பெற்றோர் சிலர் இது பேய் வழிபாடு என்று பதறினார்கள். பிள்ளைகள் அங்கே செய்வது வாசிப்பதும் கூட்டல் கழித்தலும் ஒருவர் பேச மற்றவர் கேட்பதும்தான். நம் வீட்டுத் திண்ணையில் பாட்டிமார் சோழி போட்டுத் தாயம் ஆடியபோது யாரும் பொலிசைக் கூப்பிடவில்லை. பத்து மணி பற்றி மகனிடம் கதையுங்கள், அது வேறு விடயம். சாமானைப் பொறுத்தவரை, இருக்கும் பகடையும் பென்சிலும் கொப்பியும் போதும், புதிதாக எதையும் வாங்கித் தரத் தேவையில்லை.

கேள்வி: பென் டிரைவ் ஒன்றில் 500 விளையாட்டுப் புத்தகங்கள், 2,000 ரூபா. லாபம்தானே? (பெயர் வேண்டாம் என்கிறார், யாழ் நகரம்)

பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதிலேயே விடை உங்களுக்குத் தெரிகிறது. அது களவெடுத்த பொருள். இலவச விதிகள் பற்றி முதல் கேள்விக்குச் சொன்னதைப் படியுங்கள். அந்த 2,000 ரூபாவுக்கு ஒரு நல்ல பகடைத் தொகுதி வாங்குங்கள், பற்றுச்சீட்டுடன்.