பச்சை மணம் இரண்டு: எதை வாங்குவது?

கேள்வி: ஷனேல் நம்பர் 19, கெர்லான் ஷமாத் ஆகிய இரண்டு வாசனைத் திரவியங்களில் ஒன்றை வாங்க எண்ணி, மாதிரிக் குப்பிகளைப் பத்து நாள்களாக மாற்றி மாற்றிப் பூசி வருகிறேன். ஷமாத் முதல் மூச்சிலேயே பிடித்துவிட்டது. நம்பர் 19 தொடக்கத்தில் கசப்பாகவும் விறைப்பாகவும் இருந்தாலும், மறுநாள் காலை சட்டைக் கையில் தங்கியிருந்த அதன் மணம் மனத்தை விட்டு அகலவில்லை. இரண்டும் இலை, தண்டின் பச்சை வாடையோடு பூமணம் சேர்ந்த பச்சை மலர் வகைதான் என்றால் ஏன் இவ்வளவு வேறுபாடு? எதை வாங்கலாம்?

பதில்: இரண்டுக்கும் அந்தப் பச்சை வாடையைத் தருவது கால்பனம் என்னும் பிசின். ஈரானில் விளையும் அந்தச் செடி பெருங்காயச் செடிக்கு நெருங்கிய உறவு. பச்சைப் பட்டாணித் தோலை நகத்தால் கிள்ளியவுடன் எழும் மணத்தை நினைத்துக்கொண்டால் அதன் குணம் பிடிபட்டுவிடும்.

தொடக்கம் ஒன்றானாலும் முடிவு வேறு. ழான்-போல் கெர்லான் 1969இல் உருவாக்கிய ஷமாத்தில், கால்பனத்தை அடுத்து ஹயசின்த் மலரும் பிளாக்கரன்ட் என்னும் கரும்பழச் செடியின் மொட்டும் வந்து, ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் இடம்விட்டு, கடைசியில் எல்லாம் வெனிலாவின் இனிப்பில் அடங்குகின்றன. முற்றுகைக்கு உள்ளானவர்கள் சமாதானம் பேச இசைவதை அறிவிக்கும் முரசொலிக்குப் பிரெஞ்சில் ஷமாத் என்று பெயர். விறைப்பாகத் தொடங்கி இளகிவிடும் இந்த மணத்துக்கு அது மிகப் பொருத்தமான பெயர்.

நம்பர் 19 அப்படி இளகுவதில்லை. ஷனேல் நிறுவனத்தைத் தொடங்கிய கப்ரியேல் ஷனேலின் பிறந்த நாளான ஆகஸ்ட் 19ஐப் பெயரில் தாங்கி, அவர் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1970இல் வெளிவந்த இதை ஆன்ரி ரோபேர் அமைத்தார். இதன் உயிர் ஐரிஸ். அதுவும் பூவிலிருந்து அன்று, கிழங்கிலிருந்து எடுக்கப்படுவது. பிடுங்கிய கிழங்கில் மணம் என்று சொல்லத்தக்கது ஏதும் இராது. அதை உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பின்னரே வயலெட் பூவையும் நுண்ணிய மாவையும் ஒருசேர நினைவூட்டும் குளிர்ந்த மணம் உருவாகிறது. கால்பனம் விரைவில் பறந்துவிட, வெட்டிவேரோடும் பதனிட்ட தோலின் மெல்லிய மணத்தோடும் சேர்ந்து துணியில் நிலைத்து நிற்பது இந்த ஐரிஸ்தான். நீங்கள் காலையில் சட்டைக் கையில் முகர்ந்ததும் அதுவே.

ஆகவே நம்பர் 19ஐயே வாங்குங்கள். முதல் மூச்சு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நாள் முழுவதும் நீங்கள் வாழப்போவது அதன் பிறகு வருவதோடு அல்லவா? பூவின் கனிவும் இனிப்பும் மாலையிலும் உடன் இருக்க வேண்டும் என்று விரும்புபவராக இருந்திருந்தால், தயங்காமல் ஷமாத் என்றிருப்பேன்.

நம்பர் 19இன் செறிவு குறைந்த வடிவமான ஓ த துவாலெத், செறிவு கூடிய வடிவமான ஓ த பர்ஃபம் இரண்டையும் தனித்தனியே முகர்ந்து பாருங்கள். என் மூக்குக்கு முன்னதில் பச்சையும் பின்னதில் ரோஜாவும் ஓங்கித் தெரிகின்றன. வாங்கிய குப்பியை வெளிச்சமும் வெப்பமும் படாமல் வையுங்கள். கெடத் தொடங்கினால் முதலில் போவது அந்தப் பச்சை மணம்தான்.