அந்த எண்ணத்தைக் கண்டு அவர் நடுங்குகிறாரா?

கேள்வி: உளவியலில் முதுகலை முடித்து, மார்த்தாண்டம் அருகே ஓர் ஆலோசனை மையத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பிரசவமாகி மூன்று மாதமான ஒரு பெண், குழந்தையைக் கிணற்றில் போட்டுவிடுவேனோ, மீன் வெட்டும்போது ஏதேனும் செய்துவிடுவேனோ என்று எண்ணம் வருவதாகச் சொல்லி அழுகிறார். எண்ணம் வரும்போது மணிக்கட்டில் ரப்பர் வளையத்தைச் சுண்டச் சொன்னேன். ஒன்றும் நடக்காது என்று தினமும் தொலைபேசியில் தேற்றுகிறேன். குறையவில்லை. அவருடைய கணவர் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, பால் கொடுக்கும் நேரம் தவிரக் குழந்தையைத் தம் தாயிடமே வைத்திருக்கிறார். மருந்துக்கடையில் தூக்க மாத்திரையும் வாங்கிக் கொடுக்கிறார். குழந்தையின் துணிகளை வெந்நீரில் தனியே அலசுவதும் நோயா? எனக்கும் இப்போது அத்தகைய எண்ணங்கள் வருகின்றனவே, ஏன்? காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டுமா? இரண்டு நாள் ஆன்லைன் சான்றிதழ்ப் பயிற்சி போதுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், காவல்துறைக்கு இதில் வேலை இல்லை. அந்தப் பெண் செய்துவிட்டால் பழி என்மேல் அல்லவா விழும் என்ற அச்சம்தான் உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கிறது. அந்த அச்சத்தைத் தீர்க்க, அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எண்ணம் வரும்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்பதுதான். உடம்பு நடுங்குகிறது, அரிவாள்மனையை ஒளித்து வைக்கிறேன், கிணற்றுப் பக்கமே போவதில்லை, நான் தாய்தானா என்று என்னையே வெறுக்கிறேன் என்று அவர் சொன்னால், அது எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி. விரும்பாத எண்ணம் வலிய வந்து விழுவதும், அதைக் கண்டு பதறி விலகுவதும், மீண்டும் மீண்டும் உறுதி கேட்பதும் இந்நோயின் முகம். இத்தகையோர் தாம் அஞ்சும் செயலைச் செய்வதில்லை. அதைவிட்டு ஓடுவதிலேயே நாள் முழுவதையும் செலவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான பதில் வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. எண்ணத்தைச் சொல்லும்போது முகத்தில் பதற்றமே இல்லாமல், குழந்தைக்கு அதுவே நல்லது என்றோ, இது என் குழந்தையே அல்ல என்றோ, ஒரு குரல் செய்யச் சொல்கிறது என்றோ கூறுவது, நாள்கணக்கில் உறங்காமலும் களைப்பில்லாமல் இருப்பது, பேச்சு தொடர்பற்றுப் போவது ஆகியவை பேறுகால மனச்சிதைவின் அறிகுறிகள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு இது வரும்; பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும். அப்போது தாயையும் சேயையும் தனியே விடாமல், அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள மனநல மருத்துவரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். ஓசிடி உள்ள தாயே, நான் இல்லாமல் போவதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று பேசத் தொடங்கினாலும் அதே அவசரம்தான். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் பிறப்பதில்லை.

துணி அலசுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதில் நோய் எதுவும் இல்லை. உங்களுக்கு வரும் எண்ணங்களும் நோயல்ல. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் 115 அடி உயரத்தில் நின்று பறளியாற்றைக் குனிந்து பார்ப்பவர்களில் எத்தனையோ பேருக்குக் குதித்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்கிறது. நலமாக உள்ளவர்களில் பெரும்பாலோருக்கும் இத்தகைய எண்ணங்கள் வந்து போவதை உளவியலாளர்கள் ராக்மன், டி சில்வா இருவரும் 1978-லேயே ஆய்ந்து எழுதிவிட்டார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஓசிடி உள்ளவரோ அந்த எண்ணத்துக்குப் பொருள் தேடத் தொடங்குகிறார்.

ரப்பர் வளையத்தை இன்றே கழற்றச் சொல்லுங்கள். எண்ணத்தை அடக்க முயன்றால் அது இருமடங்காகத் திரும்பி வரும். தினமும் தொலைபேசியில் நீங்கள் சொல்லும் ஆறுதலோ அதைவிடக் கேடு, ஏனெனில் அழுக்குக்கு அஞ்சி ஓயாமல் கை கழுவும் ஓசிடி நோயாளிக்குத் தண்ணீர் எப்படியோ, இவருக்கு உங்கள் குரல் அப்படி ஆகிவிட்டது. குழந்தையை விலக்கி வைத்ததன் மூலம் கணவரும் தம்மை அறியாமலே நோயின் பக்கம் போய் நிற்கிறார்.

இதற்கான சிகிச்சை, அஞ்சுவதை எதிர்கொள்ளச் செய்து, அச்சத்தைத் தணிக்க அவர் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கைத் தடுப்பது. உளவியலாளர் விக்டர் மேயர் இதை முதன்முதலில் எழுதியது 1966-ல். தொட்டிப்பாலம் கட்டி முடிந்ததும் அதே ஆண்டுதான். பாலத்தை எல்லோருக்கும் தெரியும், சிகிச்சையைத்தான் ஆலோசகர்களிலேயே பலர் அறியவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. முதல் வாரம் மடியில் குழந்தையோடு அடுக்களையில் உட்கார வேண்டும். அடுத்த வாரம் குழந்தை பக்கத்துத் தொட்டிலில் கிடக்க, அவர் அரிவாள்மனையில் மீன் வெட்ட வேண்டும். பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நிற்க வேண்டும். பதற்றம் ஏறும். ஏறட்டும். யாரிடமும் உறுதி கேட்காமல், மனத்துக்குள் செபம் சொல்லி அதை அழிக்க முயலாமல் இருந்தால், அது தானாகவே இறங்குவதை அவர் உடம்பு கற்றுக்கொள்ளும்.

அந்த நேரத்தில் பக்கத்தில் அமர்ந்து, பயப்படாதே என்று சொல்லத் துடிக்கும் நாவை அடக்குவதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. அதை இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு தராது. அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் நான்கைந்து நோயாளிகளையாவது தொடக்கம் முதல் முடிவு வரை நடத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் ஆகலாம். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்சில் ஓசிடிக்கெனத் தனிப் பிரிவே உண்டு. அங்கே பயின்றவர் எவரேனும் கிடைத்தால் மேற்பார்வைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓசிடியின் கடுமையை அளக்கும் யேல் பிரவுன் அளவுகோலின் பத்துக் கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். மொத்தம் 40 மதிப்பெண், சிகிச்சையில் அது இறங்குகிறதா என்று பார்க்கலாம். அதோடு, நோய் எந்தப் பெயரில் வரும் என்றும் அறிந்திருங்கள். தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்கள் அதை வஸ்வாஸ், அதாவது மனத்தில் எழும் தீய ஊசலாட்டம், என்பார்கள். முட்டத்திலோ, அதே பாவத்தை மூன்றாம் முறை அறிக்கையிட வந்தவரைப் பங்குச் சாமியார் உங்களிடம் அனுப்புவார். கை கழுவுபவர் மட்டுமே ஓசிடி நோயாளி என்று நினைத்திருந்தால் இவர்கள் அனைவரையும் தவறவிடுவீர்கள்.

மருந்துக்கடை மாத்திரை பெரும்பாலும் அல்பிரசோலமாக இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. பழக்கமாகும், தாய்ப்பாலிலும் கலக்கும், ஓசிடியைக் குணப்படுத்தாது. சில வாரங்களாக உட்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தவும் வேண்டாம். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்க்கட்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்ற செர்ட்ராலின் போன்ற மருந்துகள் உள்ளன, ஆனால் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இரவில் நெருக்கடி வந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைக்கச் சொல்லுங்கள்.

இன்று மாலையும் அவர் அழைத்து, ஒன்றும் நடக்காது அல்லவா என்று கேட்பார். இனிமேல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல மாட்டேன், ஏன் என்பதை நேரில் விளக்குகிறேன் என்று மட்டும் சொல்லி, கணவரையும் மாமியாரையும் குழந்தையோடு நாளைக்கு வரச் சொல்லுங்கள்.